பாட்டில் தெளிந்தது, பீப்பாய் தெளியவில்லை

மனித குலம் பெட்ரோல் பங்க்கில் வரிசை கட்டி நின்ற இருண்ட காலம், வரும் சனிக்கிழமை காலையோடு முடிவுக்கு வருகிறது என்று சகல ஜீவராசிகளுக்கும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவன் தம்பி. அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்த இடம் அக்காவின் வேன்.

அதுவும் முன்கண்ணாடியில். பசை போட்டு.

ஆஸ்பத்திரி அழுக்குத் துணிகளை எடுத்துப் போய், வெளுத்துத் திரும்ப இறக்குகிற வேன் அது. புருஷன் போன பிறகு அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேனால்தான். தம்பி வீட்டு அடுப்பும் பாதி அதனால்தான் எரிந்தது. இந்த விஷயம் மட்டும் அறிவிப்பில் விட்டுப்போயிருந்தது.

தம்பி கொல்லைக் கொட்டகையில் காட்டாமணக்கு விதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தான். பிழிந்த எண்ணெயை அப்படியே ஊற்றினால் எஞ்சினுக்குத் தொண்டையில் இறங்காது. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவியதை மறுபடி சுடவைத்து ஈரத்தைச் சுத்தமாக ஓட்ட வேண்டும். தேன் மாதிரித் தெளிந்தால் பயோடீசல். கலங்கியே கிடந்தால் தண்ணீர் கலந்த சனியன். எல்லாம் தம்பிக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்தில் யாராவது தும்மினாலும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்காட்டுவான்.

சனிக்கிழமை அக்கா வந்து பார்த்தால் கொட்டகை வாசலில் மேடை, மைக், வாடகை நாற்காலிகள். மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பாட்டில், உள்ளே தங்கத்தை உருக்கி ஊற்றினாற்போல எரிபொருள். மேடைக்குப் பின்னால் பீப்பாய். அதை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு?"

"அதை ஏன்க்கா பாக்கற? பாட்டிலைப் பாரு."

"பாட்டில்ல இருக்கறதைச் சுடவச்சியா?"

"போட்டோவுக்கு வேணும்ல."

"பீப்பாயில இருக்கறதை?"

"அம்புட்டையும் சுடவைக்க நேரம் எங்க இருக்கு? மைக்செட்காரன் வேற உயிரை வாங்கிட்டான். ரெண்டும் ஒரே எண்ணெய்தானே, ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி."

"நாமளும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான்டா. வண்டியில எதை ஊத்தின?"

தம்பி ரொம்ப அக்கறையாகத் தெருவைப் பார்த்தான்.

அக்கா வேனைப் பார்த்து ஓடினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏற்கெனவே, வண்டியை ஓட்டி விழாவைத் தொடங்கிவைக்க வந்த வணிகர் சங்கத் தலைவர், கறுப்புக் கண்ணாடியோடு. சாவியைத் திருகினார். குழாயில் மிச்சமிருந்த பழைய டீசல் தயவில் வேன் நாற்காலி வரிசையைத் தாண்டியது. அப்புறம் விக்கியது. நின்றது. தலைவர் மறுபடி திருகினார்.

"ஐயா, விடுங்க! டீசல் பம்ப் போயிரும்!"

அவள் கத்தியது கூட்டத்தின் கைத்தட்டலில் அமுங்கிப்போனது. தலைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "புகை வருதா பாருங்க! துளி புகை இல்ல!" என்று முழங்கினார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் தம்பி.

"ஓடாத வண்டியில எங்கய்யா புகை வரும்? முதல்ல இறங்குங்க."

அக்கா டீசல் ஃபில்டரைத் திருகி, வடிந்ததை ஒரு டம்ளரில் பிடித்தாள். வெள்ளை வெளேரென்று கலங்கல். கொண்டுபோய்த் தங்கப் பாட்டில் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

தலைவர் குனிந்து பார்த்தார். "இது என்ன, ரெண்டாவது கண்டுபிடிப்பா?"

"ஆராய்ச்சியில இருக்குங்க ஐயா," என்றான் தம்பி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அதற்கும் கைதட்டினார்கள். அக்கா மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தப் பாட்டிலை வச்சு உலகம் ஓடட்டும். நல்லா ஓடட்டும். என் வண்டி ஓடாது. ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்கே வேற வண்டி பிடிச்சிருவான். எங்க ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது. ம், இதுக்கும் தட்டுங்க!"

ஒரு கையும் அசையவில்லை.

"அக்கா, மைக் ஆன்ல இருக்கு," என்று கிசுகிசுத்தான் தம்பி.

"தெரிஞ்சுதான்டா பேசறேன், பரதேசி!"

கொஞ்ச நேரத்தில் வேனுக்குக் கயிறு கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை, எதிர்காலத்தை இனி யாராலும் தடுத்து நிறுத்த முடியாது என்று தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

வேனை இழுத்துப் போக வந்த லாரி டீசலில் ஓடியது.