மடியில் கிடத்தும் காட்சி

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் எங்கள் இயேசு ரக்பி ஆடப் போய்க் காலை ஒடித்துக்கொண்டான்.

எங்கள் தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவின் பழைய பேராலயத்தில் புனித வெள்ளியன்று இயேசுவின் சிலுவைப் பாடுகளின் நாடகம். நான் பிலாத்து. ஆக்லாந்தில் வளர்ந்து வந்த சானேதான் இயக்கம். செய்தி கேட்டதும் பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இயேசுவோட வசனம் முழுக்கத் தெரிஞ்சவங்க வேற யாரு?"

எல்லாரும் சாமிசோனியைப் பார்த்தோம். பேதுருவாக நடிக்கும் படகுக்காரன். ஒத்திகையில் இயேசு பேசும்போதெல்லாம் கூடவே முணுமுணுப்பான்.

"அப்ப முடிஞ்சுது. நீதான் இயேசு," என்றாள் சானே.

பாடகர் குழுவில் ஒருத்தி இருமினாள். சாமிசோனி எழுந்து வெளியே போய்விட்டான்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"நீ ஆக்லாந்துக்காரின்னு இப்பதான் தெரியுது, பொண்ணே," என்றேன். "மாதா வேஷம் யாருக்கு?"

"லவினியா அக்காவுக்கு."

"அவங்க சாமிசோனிக்கு யாரு?"

சானே வாயைப் பொத்திக்கொண்டாள். வயதுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்க்காத ஊர் இது. தொடுவது என்ற பேச்சே கிடையாது. நாடகத்திலோ, சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு மாதாவின் மடியில் கிடக்க வேண்டும்.

"மாதாவை மாத்திடுங்களேன்," என்றான் தலைமைக் குரு கைப்பாஸாக நடிக்கும் வைபுலு.

பக்கத்திலிருந்தவர் அவன் தொடையில் கிள்ளினார். லவினியாவின் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய், அங்கே சாலை விபத்தில் செத்தவன். பெட்டியை மூடியே அனுப்பினார்கள். திறக்க வேண்டாம் என்று சொல்லியும் விட்டார்கள். அவள் தொட்டது பலகையைத்தான். எதற்குமே முன்வராதவள் இந்த வேடத்தை மட்டும் தானே கேட்டு வாங்கினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதிர் மூலையில் உட்கார்ந்திருந்த லவினியா வாசல் பக்கம் திரும்பாமல் என்னைக் கூப்பிட்டாள். "பிலாத்து, வெளிய நிக்கிறவன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா. அவன் செத்தா தலைமாட்டுல உக்கார வேண்டியது யாருன்னு கேளு."

எங்களில் ஆண் செத்தால் அந்த இடம் அக்காவுடையது. தலையைத் தொடலாம், முத்தமிடலாம். விலக்கெல்லாம் உயிரோடு இருக்கிறவரைக்கும்தான்.

சாமிசோனி மாமரத்தடியில் சிகரெட்டைப் பற்றவைக்காமல் வைத்திருந்தான். கேட்டேன்.

"அக்காதான்," என்றான்.

"அப்புறம் என்ன? அவங்க தொடறப்ப நீ பொணம்."

"பொணமா நடிக்கிறவன்யா!"

"அப்ப நல்லா நடி."

"ஃபாதர் ஒத்துக்கணுமே?"

"உங்க அக்கா சொல்லியாச்சு. அதுக்கு மேல ஃபாதர் யாரு?"

எங்கள் ஊரில் தம்பிக்கு அக்கா சொல்வதுதான் கடைசிச் சொல். மார்பிலிருந்து கணுக்கால்வரை மரப்பட்டைத் துணி சுற்றிக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டான். அந்தக் காட்சிக்கு ஒத்திகையே வைக்கவில்லை. பிணத்துக்கு ஒத்திகை எதற்கு என்றாள் லவினியா.

புனித வெள்ளியன்று கோயில் கொள்ளாத கூட்டம். சாமிசோனி சிலுவையில் உயிர்விட்டான். இறக்கினார்கள். லவினியா பாயில் அமர்ந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டே வரி வசனம். அது முடிந்ததும் உடலைத் தூக்கிவிட வேண்டும். அவள் பேசவில்லை. நெற்றியைத் தடவினாள். காது மடலைத் தொட்டாள். கையை எடுத்து ஒவ்வொரு விரலாக நீவினாள். பிலாத்தின் நாற்காலி அருகில்தான் இருந்தது. சாமிசோனி மூச்சை அடக்கிக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பிணம் அழக் கூடாது. லவினியா முக்காட்டுத் துணியால் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து சானே, 'தூக்குங்க, தூக்குங்க' என்று கையாட்டினாள். தூக்க வந்தவர்கள் மண்டியிட்டார்கள், எழவில்லை. பாடகர் குழுவின் பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. குழுத் தலைவர் லவினியாவை ஒரு பார்வை பார்த்தார். முதல் அடியிலிருந்து திரும்ப எடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு முறை. சானேயின் கை தானாகக் கீழே இறங்கியது.

கடைசியில் லவினியாதான் நிமிர்ந்தாள். "எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

எல்லாரும் கலைந்த பிறகு சானே தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "அக்கா, வசனம் மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா," என்றாள் லவினியா. "பேச நேரமில்ல."