புகார் போன இடம்

வில்லியனூர் மாலை வகுப்பில் எலிசாவுக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் எந்தக் கட்டளையைத் தட்டினாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவாள். எழுதியது சரிதானா என்று இரண்டு தரம் பார்ப்பாள். அப்படியும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டாள்.

திரையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஃபான்ட் ஒன்றைப் போடலாம் என்று, இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே, நிர்வாகி அதிகாரம் கேட்கும் 'சூடோ' என்ற சொல்லில் தொடங்கித் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. தட்டத் தட்ட ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்ற பயத்தோடே முழுதும் தட்டி எண்டரை அழுத்தினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: அனுமதிப் பட்டியலில் உன் பெயர் இல்லை, இந்தச் சம்பவம் புகாராகப் போகும்.

யாருக்குப் போகும்? வகுப்பு இலவசம். விதி மீறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பகலெல்லாம் தவளக்குப்பம் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு இது போனால் வேறு வகுப்பு கிடையாது.

மறுநாள் சீக்கிரமே வந்து, லேபைப் பார்த்துக்கொள்ளும் செல்வகுமாரியிடம் ஒரு தாளை நீட்டினாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. குமாரி போன வருடமே இந்த வகுப்பை முடித்தவள். தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எல்லாம் முறையாக இருந்தது. 'அனுமதியின்றி நிர்வாகி அதிகாரம் கோரியதற்கு மன்னிப்பு வேண்டுதல்.'

"இன்னாடி இது, கவர்னருக்கு மனுவா?"

சிரித்தவள் எலிசாவின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். புகார் எங்கே போகிறதென்று தானும் தேடிப் பார்த்ததில்லை என்றாள். இப்படிப்பட்ட புகார்கள் பதிவாகும் கோப்பைத் திறந்தார்கள். எலிசாவின் பெயரில் ஒரு வரி. அதற்கு மேலே, போன வருடத் தேதிகளில், செல்வகுமாரியின் பெயரில் பதினொரு வரி.

"இதப் படிக்க வேண்டியது அட்மின். இப்ப அது நான்தான். படிச்சிட்டேன், போதுமா?"

அட்மின் நினைத்தால் மெஷினில் எதையும் அழித்துவிடலாம், அதனால்தான் எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை, கேட்டது ஒன்றும் குற்றமில்லை என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு, அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போடுவதாகவும், அந்த நாட்களில் லேபைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியைச் சொல்லும்படி வகுப்பு எடுக்கும் சார் கேட்டதாகவும் சொன்னாள்.

"கட்டளைய ரெண்டு தரம் படிக்கிறவ இங்க நீ ஒருத்திதான்டி."

"நான் எதையாவது அழிச்சிட்டா?"

"இன்னா அழிச்சன்னு நோட்ல எழுதி வெப்ப இல்ல. அது போதும்."

குமாரி அனுமதிப் பட்டியலில் எலிசாவின் பெயரைச் சேர்த்து, கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போய் அதே கட்டளையைத் தட்டச் சொன்னாள். பாஸ்வேர்டு கேட்டது. அட்மின் வேலை என்பதால் இந்த முறை குமாரியின் பாஸ்வேர்டைத்தான் கேட்கிறதென்று நினைத்து எலிசா அவள் பக்கம் திரும்பினாள்.

"என்னோடது இல்ல. உன்னோடதுதான் கேக்குது."

சொல்லிவிட்டுக் குமாரி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அட்மினாக இருந்தும் தோழியின் விரல்களைப் பார்க்கவில்லை. முதலில் இதற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, தட்டினாலும் எதுவும் தெரியாத அந்த வரியில் எலிசா நிதானமாகத் தட்டத் தொடங்கினாள்.