அக்காவின் விலாவுக்குள் இருந்த புத்தகம்

எங்கள் ஊரில் சிறுவயதில் படிக்கும் புத்தகம் சிலருக்கு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலும் விலாவுக்கு அடியில். அப்பாவுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ராகு காலம் தொடங்கினால் இருமுவார். எனக்கு எதுவும் இல்லை.

அக்கா செண்பகவல்லி பள்ளியில் படிக்கும்போது அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்தாள். மனிதர் காலில் மனிதர் விழக்கூடாது என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு யார் முன்னாலும் அவளுக்கு இடுப்பு வளையவில்லை. தனியாக இருந்தால் குனிந்து கோலம் போடுவாள். தெருவில் யாராவது வந்தால் நிமிர்ந்துவிடுவாள். எங்கள் வாசலில் எப்போதும் பாதிக் கோலம்தான்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கோமதிநாயகத்துக்கு அவளைப் பேசி முடித்தோம். அவர் அம்மா ஆவுடையம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார். "தாலி கட்டினதும் பெரியவங்க கால்ல விழணும். அதுக்குள்ள புத்தகத்தை எடுத்துருங்க." சொத்தைப் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

அக்கா சம்மதித்தாள்.

"எடுத்துட்டா நீ நீயா இருப்பியா?" என்று கேட்டேன்.

"தெரியலடா. ஆனா அவரை எனக்குப் பிடிச்சிருக்கு." ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி அழுதாள்.

இரண்டு வீட்டாரும் வெளியே காத்திருந்தோம். டாக்டர் வெறுங்கையோடு வந்தார்.

"அச்சடிச்சது முன்னால கொஞ்சம் பக்கம்தான். மிச்சம் பூரா பொண்ணோட கையெழுத்து. வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே வந்திருக்கு. எது புத்தகம், எது பொண்ணுன்னு பிரிக்க முடியல. அப்படியே தச்சுட்டேன்."

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் டாக்டரிடம் கேட்டார்: "என்னைப் பத்தி ஏதும் எழுதியிருக்காளா?"

"கடைசிப் பக்கத்துல உங்க பேரு இருக்கு. கீழே ஒண்ணும் எழுதல. இடம் விட்டிருக்கு."

ஆவுடையம்மாள் எழுந்து நின்றார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "அவ குனிய வேண்டாம். நாங்க ஏறிக்கிடுதோம்."

கல்யாண மண்டபத்தில் சுவரை ஒட்டி மூங்கில் சாரம் கட்டினோம். தாலி கட்டியதும் பெரியவர்கள் ஏணி வழியாக ஏறி, காலைத் தொங்கவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கால்கள் அக்காவின் முகத்துக்கு நேராக இருந்தன. அவள் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போய், மாமியாரின் காலருகே நின்றாள்.

"குதிகால் இப்படி வெடிச்சிருக்கே. வலிக்கலையா அத்தை?"

அதுவரை அந்தக் காலில் விழுந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தவர்கள்.

"வலிக்கும்மா," என்றார் ஆவுடையம்மாள். "ரொம்ப நாளா வலிக்கு."

அக்கா சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கி, நின்றபடியே வெடிப்பில் தடவினாள். கோமதிநாயகம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இரும்மா," என்று மேலிருந்து குரல் வந்தது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பெரியவர்கள் யாரும் இறங்கவில்லை. மேலே காற்று நன்றாக வருகிறது என்றார்கள். இலையை மேலேயே போட்டு, சாம்பாரைக் கயிறு கட்டி ஏற்றினோம். மறுநாள் வேறொரு கல்யாண வீட்டார் மண்டபத்துக்கு வந்தபோது, ஆவுடையம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஏறிவரச் சொன்னார்.