இரண்டு பேரில் ஒருவன்

மாதா கோயில் மணி விடாமல் அடிக்கத் தொடங்கியபோது எலுவியா மாவு மில் வரிசையில் சோள வாளியோடு நின்றிருந்தாள். பூசைக்கு அடிக்கிற மணி இப்படி அடிக்காது. மில்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண்கள் வாளிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திடல் பக்கம் ஓடினார்கள்.

எலுவியா ஓடவில்லை. அவளைத் தேடிக்கொண்டு கொழுந்தன் கலிஸ்தோதான் ஓடி வந்தான்.

"அண்ணி, புடிச்சாச்சு! பைக்ல வந்த ரெண்டு பேரு. ஒருத்தன் இடுப்புல துப்பாக்கி இருக்கு. அண்ணனச் சுட்டது அவன்தானான்னு நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க."

அவள் புருஷன் மக்காரியோ குவாத்தமாலா நகரத்துக்குப் பஸ் ஓட்டியவன். டிக்கெட் வசூல் எலுவியா. தவக்காலத்தில் ஒரு நாள், வளைவில் கைகாட்டி ஏறிய ஒருவன் டிரைவர் சீட்டருகே போய் நின்றான். மாமூல் கொடுக்காததற்கு இதுதான் என்று சொல்லிச் சுட்டுவிட்டு இறங்கி நடந்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவள் அவள். போலீஸ் வந்தது, எழுதியது, போனது. அதற்குப் பிறகு ஊர் போலீஸை நம்புவதை விட்டுவிட்டது.

திடலில் இசைமண்டபத் தூணில் இருவரையும் கட்டியிருந்தார்கள். யாரோ பழைய டயர்களை உருட்டி வந்திருந்தார்கள். பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது. ஸ்டேஷன் வாசலில் நின்ற நான்கு போலீஸ்காரர்களும் படியை விட்டு இறங்கவில்லை.

"எலுவியா வந்துட்டா, வழி விடுங்கப்பா!"

இடது பக்கம் கட்டியிருந்தவனை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. இருபது வயதிருக்கும். சட்டை பெட்ரோலில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, நான் வாடகைக்குப் பைக் ஓட்டுறவன்க்கா. சவாரின்னு கூப்பிட்டான், ஏத்திட்டு வந்தேன். எங்க ஊர்ல யார வேணா கேளுங்கக்கா."

வலது பக்கம் இருந்தவன் அவளைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவே போதுமாயிருந்தது. அவன்தான்.

எத்தனை ராத்திரி இவனைக் கையால் கிழிப்பதாக நினைத்துப் படுத்திருக்கிறாள்! இப்போது கை கூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

"தம்பி," என்று கலிஸ்தோவின் காதருகே கேட்டாள். "ஒருத்தன்தான்னா, இன்னொருத்தன விட்டுருவீங்களா?"

"கூட வந்தவன மாலை போட்டு அனுப்பணுமா? அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க சொல்லுங்க."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் தெரிந்த முகங்கள். மக்காரியோவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள்.

"இவங்க இல்ல."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.

"நல்லாப் பாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். "பயந்துட்டா," என்றது இன்னொரு குரல்.

கலிஸ்தோ அவள் கையைப் பிடித்தான். "என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க அண்ணி."

பார்த்தாள். "ரெண்டு பேரும் இல்ல."

தீப்பெட்டி வைத்திருந்தவன் கேட்கிற மாதிரி இல்லை. "திருட்டுப் பசங்கதானே, கொளுத்துவோம்," என்று முன்னால் வந்தான். எலுவியா தூணுக்கு முன்னால் போய் நின்றாள். தரையில் தேங்கியிருந்த பெட்ரோல் அவள் பாவாடையில் ஏறியது.

"செத்தவன் பொண்டாட்டி நானே இவங்க இல்லன்னு சொல்றேன். அப்பவும் கொளுத்தணும்னா என்னையும் சேத்துக் கொளுத்து. கிழி தீக்குச்சிய!"

அவன் கிழிக்கவில்லை. யாரோ அவளை நோக்கிக் காறித் துப்பினார்கள். கடைசியில் கோபம் பைக் மீது பாய்ந்தது. அது எரிந்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் ஓடி வந்து இருவரையும் அவிழ்த்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

எலுவியா வீட்டுக்குப் போகவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, நாறுகிற பாவாடையோடு மாவட்ட அரசு வக்கீல் அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"துப்பாக்கி வச்சிருந்தவன்தான் என் புருஷனச் சுட்டான். அவன வெளிய விட்டுராதீங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "திடல்ல இல்லன்னு சொன்னீங்களாமே?"

"அங்க சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெந்திருப்பாங்க. அதுல ஒரு புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது."

சுட்டவனை விடவில்லை. பைக் ஓட்டி வந்தவனை மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அவள் அடையாளம் சொன்ன செய்தி ஊருக்கு வந்த அன்றே கலிஸ்தோ அவள் வாசலில் நின்றான். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"அப்ப அவன்னு தெரிஞ்சேதான்..."

"தெரிஞ்சுதான்."

"அவன் எங்கண்ணனச் சுட்டவன்!"

"எனக்குப் புருஷன், தம்பி."

அவன் விறுவிறுவென்று நடந்து போனான். சந்தையில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பஸ்ஸில் வந்த பயணிகள் எல்லாரும் சாட்சிக்கு வரப் பயந்தார்கள். சுட்டவன் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார், திடலில் பொய் சொன்னவள் இங்கே மட்டும் உண்மை பேசுவாளா என்று. துப்பாக்கியும் குண்டும் பொருந்தியதால் அவள் சொல் நின்றது. ஆயுள் முழுக்க உள்ளே இருக்கிற மாதிரித் தண்டனை.

தீர்ப்பன்று கலிஸ்தோவும் வந்திருந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். திரும்புகிற பஸ்ஸில் அவன் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். ஊர் வந்ததும் அவன் முதலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.