சரியான கடிதத்துக்கும் ஒரு சீட்டு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் பெரியம்மாவிடமிருந்து பிடுங்கியது. எழுதிக்கொள்ள அனுமதி தந்தவள் ஒரு நிபந்தனை போட்டாள்: “என்னை நல்லவளா காட்டிடாதே.”

மழை சோவென்று பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள் ஜன்னலோரம்...

(வேண்டாம். அவள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனி அது. புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது ஒருவர் வேலை. அதைச் சரிபார்த்து அனுப்புவது பெரியம்மாவின் வேலை. மனிதருக்கு லெண்டும் பாரோவும் ஒன்று, பிரிங்கும் டேக்கும் ஒன்று. திருத்தினால், “ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்பார். ‘ரெண்டும் ஒண்ணு’ என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

பெரியம்மாவுக்குச் சிவப்பு மை பிடிக்காது. சின்னச் சீட்டில் ஓர் உதாரணம் எழுதிக் கடிதத்தோடு குத்தி அனுப்புவாள். ‘பக்கத்து வீட்டுக்காரர் குடையை லெண்ட் பண்ணினார். நான் பாரோ பண்ணினேன். கொடுக்கிற கை லெண்ட், வாங்குகிற கை பாரோ.’

சீட்டு திரும்பி வந்தது. அடியில் அவர் கேட்டிருந்தார்: ‘குடையைத் திருப்பிக் கொடுத்தீங்களா?’

அடுத்த சீட்டின் உதாரணத்தில் அதே குடை பஸ்ஸில் போனது. அதற்கடுத்ததில் கம்பி உடைந்தது. இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

3

இங்கேதான் கதாபாத்திரம் என்னிடம் முரண்டு பிடித்தது. எல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் சீட்டு வரவேண்டும் என்பதற்காக அவர் வேண்டுமென்றே தப்பு செய்தார் என்று எழுதியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. பெரியம்மா படித்துவிட்டு, என் காகிதத்திலேயே ஒரு சீட்டைக் குத்தினாள்:

‘அவர் சுத்தமா தேறிட்டார். தப்பே இல்லாத கடிதத்துக்கும் நான்தான் சீட்டு குத்தினேன். குடை இன்னும் வீடு வந்து சேரலையே.’*

* அப்படிக் குத்திய ஒன்று: ‘ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் அலோன். லோன்லி என்று சொல்ல மாட்டேன்.’ அடியில் அவர் கையெழுத்தில்: ‘சொன்னால்தான் என்ன?’

4

வருஷக் கடைசியில் மேனேஜர் சீட்டுகளை எண்ணினார். அவர் கணக்கில் ஒரு சீட்டு என்றால் ஒரு தப்பு. முந்நூறைத் தாண்டியிருந்தது. மறுநாளே ‘ரெண்டும் ஒண்ணு’வுக்கு ஆர்டர் வந்தது: திங்கட்கிழமை முதல் கீழே கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் எழுத வேண்டும்.

அவர் ஆர்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கீழே வெளிச்சம் போதுமா என்று மட்டும் விசாரித்தார். தேறிய பிறகு எழுதிய கடிதங்கள் சரியானவை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவளும் வாயைத் திறக்கவில்லை என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பெரியம்மா படித்துவிட்டு, சீட்டுகூடக் குத்தாமல் திருப்பித் தந்தாள். அதைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இது: தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தே மேனேஜர் அறைக்குப் போனாள். “அந்தக் கடிதங்கள்ல பாதிக்கு மேல தப்பே இல்லை சார். தப்பு என்னோடது” என்றாள். ‘ரெண்டும் ஒண்ணு’வை அவள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவளைக் கீழே அனுப்பினார்கள்.

5

முதல் நாள் அவள் எழுதிய லேபிள் ‘கீப் டிரை’, அதாவது நனையாமல் வைக்கவும். நாலு வார்த்தைகூட இல்லாத ஆங்கிலம், தப்பு செய்ய அதில் இடமே கிடையாது. சரிபார்க்க மேலே போன லேபிள், ஒரு சீட்டு குத்தித் திரும்பி வந்தது.

‘குடை இப்போ யார்கிட்ட இருக்கு, கொடுத்தவர்கிட்டயா, வாங்கினவர்கிட்டயா? எத்தனை சீட்டு வந்தாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.’

பெரியம்மா அடியில் பதில் எழுதியிருக்கிறாள். என்னிடம் தந்ததோ மேல் பாதி மட்டும். கீழ்ப்பாதியைக் கிழித்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள். என் பெரியப்பா யார் என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் என் காகிதத்தில் இன்னொரு சீட்டு விழும்.

உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன். பேனா லெண்ட் பண்ணுகிறேன். அவள் எழுதியதை நீங்களே எழுதுங்கள்:

.......................................