கலங்கரை விளக்கம் வரை முப்பத்திரண்டு நிமிடம்

சர்ச்சின் கீழ்த்தளத்தில் மாரிட் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இறந்தவரின் மகள் கழுவுவதாவது என்று பெண்கள் இரண்டு முறை வந்து பிடுங்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. கழுவிக்கொண்டிருந்தால் யாருடனும் பேச வேண்டாம்.

மேலே அப்பாவுக்கான பிரார்த்தனை முடிந்து அரை மணி ஆகியிருந்தது. மலர் வேண்டாம், அதற்குப் பதில் பொது வானொலிக்கு நன்கொடை அனுப்புங்கள் என்று அப்பா ஆர்விட் முன்பே எழுதி வைத்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர், நன்கொடை கொடுத்தவர்களுக்கு வானொலி தரும் துணிப்பையோடு துக்கத்துக்கு வந்திருந்தார்கள். மனுஷன் பார்த்திருந்தால் உச்சி குளிர்ந்து போயிருப்பார்.

வெர்னர் துண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். பதினோரு வருஷமாக அப்பாவோடு ஏரிக்கரையில் காலை நடை போனவர். ஆளுக்கொரு போன், இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் ஒரே பாட்காஸ்ட் நிகழ்ச்சியை அமுக்குவார்கள். அது முடியும்வரை பேச்சு கிடையாது. செவ்வாய்க்கிழமை அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்தபோதும் கூட இருந்தவர் இவர்தான்.

"இந்தா, அவன் போன். ஆஸ்பத்திரில என்கிட்டதான் குடுத்தாங்க. சார்ஜ் போட்டு வெச்சேன்."

மாரிட் கையைத் துடைத்து வாங்கி, கோட்டின் இடது பையில் போட்டுக்கொண்டாள். மூன்று நாளாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்துவிட்டது.

"வெர்னர், அப்பா தினமும் எனக்குக் கேக்கச் சொல்லி ஒரு நிகழ்ச்சி பேரு அனுப்புவாரே, அன்னிக்குக் காலைலயும் ஒண்ணு அனுப்பியிருந்தார். 'உப்பு லாரிக்காரர்கள், முப்பத்திரண்டு நிமிஷம், கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பலாம்'னு. ஒம்பது மணிக்கு 'அருமைப்பா'ன்னு போட்டேன். அப்போ அவர் உயிரோடவே இல்ல. நான் அதைக் கேக்கவும் இல்ல. எதையுமே கேட்டதில்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவனுக்கும் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி உனக்கு ஒரு நிகழ்ச்சி சொன்னான். அந்த வாரம் வானொலில நன்கொடை திரட்டறாங்கன்னு அத தள்ளிப் போட்டுட்டாங்க, வரவே இல்ல. நீ 'ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா'ன்னு எழுதின."

மாரிட் குழாயை மூடினாள்.

"அதுக்கப்புறம் உனக்கு அனுப்பினதுல பாதி நாங்களே கட்டி விட்டதுதான். நடந்து முடிச்சு காபி குடிக்கறப்போ ஒக்காந்து பேரு யோசிப்போம். நார்வே நாட்டு எறும்புகள், அது என்னோடது. அதக் கேட்டு அழுதுட்டேன்னு நீ போட்டிருந்த."

"கோவப்படலையா அவர்?"

"சிரிச்சான். உண்மைய எழுதச் சொல்லுடான்னேன். 'சொன்னா பதில் போடறத விட்டுடுவா'ன்னான்."

அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். மாரிட்டுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அதற்கு அடியில், அப்பா இவ்வளவு குறும்புக்காரரா என்று சிரிப்பும் வந்தது. கடைசிக் கோப்பையை அவரிடம் நீட்டிவிட்டு வெளியே போனாள்.

ஏரி இரண்டு தெரு கீழே. துக்கத்துக்குப் போட்ட செருப்பு கடித்தது. அப்பா சாய்ந்த பெஞ்சருகே நின்று, தன் போனில் 'உப்பு லாரிக்காரர்கள்' என்று தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லை. இருந்தும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். மூன்று எண்ணினாள்.

கலங்கரை விளக்கம் வரை நடந்தாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே நடந்து வந்த ஒருத்தி, நல்ல நிகழ்ச்சி போல என்ற முகத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பிப் பெஞ்சுக்கு வந்தபோது இருபத்தெட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. அப்பா அவளைவிட மெதுவாக நடப்பவர். மீதி நாலு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவருக்கு எழுதினாள்: "கேக்கலப்பா. நடந்தேன்."

இடது பைக்குள் போன் ஒரு முறை அதிர்ந்தது.