கூரையில் ஒரு சொட்டை

பனி பெய்து நின்றதும் எங்கள் தெருவில் எல்லார் கூரையும் வெள்ளையாக இருக்கும். என் கூரையில் மட்டும், படுக்கையறைக்கு நேர் மேலே, கறுப்பாக ஒரு சொட்டை. அங்கே பரணில் சூட்டைத் தடுக்கும் பஞ்சு இல்லை, வீட்டுச் சூடு மேலேறிப் பனியை உருக்குகிறது என்று மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெருவிலுள்ள அத்தனை புது வீட்டுப் பரணுக்கும் பஞ்சு ஊதியவன் நான்தான் என்பதும் தெரியும். பல் டாக்டருக்கு முன்பல் இல்லாத மாதிரி. ஆனாலும் யாரும் கேலி செய்யவில்லை. அது எனக்கு வலித்திருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை.

பஞ்சு ஊதுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் லாரியின் பின்னால் நின்று, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சுப் பொதிகளை உடைத்து இயந்திரத் தொட்டியில் போட வேண்டும். மற்றவர் பரணில் தவழ்ந்து குழாயைப் பிடிக்க வேண்டும். கீழே என் மனைவி டார்லா, மேலே நான். "மூளை கீழ இருக்கட்டும் வெர்ன், வாய் மேல போகட்டும்" என்று அவள் செய்த பாகப்பிரிவினை.

அக்டோபரில் எங்கள் சொந்தப் புது வீட்டுக்கே ஊதிக்கொண்டிருந்தோம். கடைசி மூலை. குழாயில் பஞ்சு நின்று வெறும் காற்று வந்தது. டார்லா தபால்காரம்மாவோடு பேச்சில் இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கூரைச் சட்டத்தில் உட்கார்ந்து, அவளை வாருவதற்கு நல்ல கிண்டலாக ஒன்று தயார் செய்துகொண்டேன். இறங்கிப் போனபோது அவள் தொட்டிக்குக் கீழே சரளைக்கல்லில் கிடந்தாள். உடனே இறங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, இதயம் ஒரேயடியாக நின்றிருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் கிண்டல் இன்னும் கைவசம் இருக்கிறது.

அந்த வீட்டிலேயே குடியேறினேன். வேறு எங்கே போவது? வீட்டைப் பரிசோதிக்க வந்த நகராட்சிக்காரர் பரணில் ஏறாமலே தலையாட்டிவிட்டுப் போனார். சர்ச்சுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு ஹாட்டிஷ் சுட்டுக் கொண்டுவந்ததில் ஃப்ரீஸர் மூட மறுத்தது. உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, டின் சூப்பு. எல்லாத் தட்டும் ஒரே ருசி. தட்டைச் சொல்லிக் குற்றமில்லை. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. அதன்மேல் பனி விழுந்தது, உருகியது, மறுபடி விழுந்தது.

குளிர் தொடங்கும்போது முடிகிற வீட்டுக்கு முன்னால் வெறும் சரளைதான். தரை உறைந்துவிட்டால் கான்கிரீட் போட முடியாது, வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் வந்தது. கூடவே டார்லாவின் அண்ணன் ஆர்லனும் வந்தான். காரேஜுக்கு முன்னால் கார் ஏறும் கான்கிரீட் பாதை போடுவது அவன் தொழில்.

"மாப்ளே, வண்டிய எடு. நாளைக்குக் காலைல மிக்ஸர் லாரி வருது."

"அது ஸ்டார்ட் ஆகாது மச்சான்."

"ஆகும். போன வாரமே பேட்டரி மாத்திட்டேன். நீ சோஃபால வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த."

"அப்ப எடுத்துடறேன்."

அவன் கூரையைப் பார்த்தான். "அந்த மூலை?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

"எப்ப அப்புறம்? கான்கிரீட் போட்டுட்டா இந்த யானை ஒரு மாசத்துக்கு அது மேல ஏறக் கூடாது. தெருவுல நிறுத்தினா உன் குழாய் எட்டாது. மாசம் கழிச்சுக் கேட்டா இன்னொரு மாசம்னுவ. சீலிங்ல ஏற்கெனவே தண்ணிக் கறை. அடுத்த குளிருக்கு உன் கட்டில் மேல ஒழுகும்."

"நான் அங்க படுக்கறதில்லையே."

"தெரியும்டா கழுதை. அதுக்குத்தான் சொல்றேன்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "தொட்டிக்கு ஆள் இல்ல."

"நான் நிக்கறேன்."

"நீயா? கான்கிரீட் கொட்டற மாதிரி கொட்டிக் குழாய அடைச்சிருவ."

"பஞ்சுதானே, பெரிய வித்தை! விடிஞ்சதும் வரேன், காப்பி போட்டு வை."

காலையில் பரணில் ஏறினேன். பஞ்சு முழங்கால் உயரத்துக்கு வந்து, மூலைக்கு முன்னால் சரிந்து நின்றிருந்தது. சரிவில் அன்று நான் சாய்ந்திருந்த பள்ளம். கண்ணாடி, முகமூடி, இயந்திரச் சத்தம். ஒரு மனிதன் அழுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அழுகைக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுக்கூடப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மூக்கு மட்டும் அரித்தது.

ஆர்லன் கட்டி கட்டியாக அனுப்பினான். குழாய் இருமியது, துப்பியது. திட்டுவதற்கு வாயெடுக்கும்போது பஞ்சு நின்று, வெறும் காற்று வந்தது.

இந்த முறை நான் உட்காரவில்லை. ஏணியில் பாதிப் படிகளை மிதித்தேனா என்றே தெரியாது.

ஆர்லன் நின்றுகொண்டுதான் இருந்தான். கையில் உடைத்த பொதியின் பாதி. இயந்திரம் வெறுமனே ஓடியது. தொட்டிக்குக் கீழே இருந்த சரளையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கதானே மாப்ளே?"

"ஆமா."

"என்னால முடியும்னு நெனச்சேன்." அவன் முகம் நனைந்து, அதில் காகிதத்தூள் ஒட்டியிருந்தது. "எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தவ அவ. நான் அண்ணன், அவ எனக்குக் கத்துக்குடுத்தா."

குளிர்காலம் முழுக்க டார்லா என் மனைவி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ மேல போ மச்சான். நான் போடறேன்."

"நானா? அந்த ஓட்டையில என் வயிறு நுழையுமா?"

"மூச்ச அடக்கிக்க. சட்டத்து மேல மட்டும் கால வை. நடுவுல வச்சா நேரா என் படுக்கையறைக்கு வந்துருவ."

அவன் திட்டிக்கொண்டே ஏறினான். காரேஜ் உட்கூரையின் திறப்பில் கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தொங்கின, பிறகு அவையும் மறைந்தன.

நான் அந்தச் சரளையில் நின்றேன். பொதியை உடைத்தேன், உதிர்த்தேன், போட்டேன். இங்கே நின்றால் பரண் தெரியாது. குழாய் துடிப்பது மட்டும் தெரியும். மறுமுனையில் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். டார்லா நாள் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பொதியை உடைத்தேன், போட்டேன்.

தெருமுனையில் மிக்ஸர் லாரி திரும்பி ஹாரன் அடித்தது. உட்கூரைத் திறப்பில் ஆர்லனின் தலை தெரிந்தது. புருவமெல்லாம் பஞ்சு.

"போதும் மாப்ளே! மூலை ரொம்பிப் போச்சு! நிறுத்து!"

மிக்ஸர் டிரைவர் கண்ணாடியை இறக்கி, கான்கிரீட் இறுகுது, வண்டிய எடுய்யா என்று கத்தினான்.

"டேய், காது கேக்குதா? போதும்டா!"

கேட்டது. சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்னொரு பொதியை எடுத்து உடைத்தேன்.